சுழலாத காற்றுமானி

நேயர்களுக்கு வணக்கம். பாய்மரப் படகு வைத்திருப்பவர்கள் காற்றை அளக்க என்ன வாங்கலாம் என்று என்னிடம் அடிக்கடி கேட்பார்கள். என் படகில் நடந்ததையே சொல்கிறேன்.

பாய்மரத்தின் உச்சியில் வேகத்தை அளக்கச் சுழலும் மூன்று கிண்ணங்களும் திசையைக் காட்ட ஒரு வாலும் இருந்தன. 1846-ல் அயர்லாந்துக்காரர் ராபின்சன் நான்கு கிண்ணங்களோடு செய்த காற்றுமானியின் வழிவந்த கருவி. ஒரு நாள் திசைமுள் அசையவே இல்லை. கயிற்றில் தொங்கியபடி மேலே ஏறிப் பார்த்தேன். ஏதோ பறவை உட்கார்ந்து வாலை வளைத்திருந்தது. கிண்ணத்தைச் சுண்டினேன், அச்சில் உப்பேறி, கரகரவென்று இரண்டு சுற்று சுற்றி நின்றுவிட்டது. அன்றைக்கே மீயொலிக் காற்றுமானிக்கு, அதாவது காதுக்குக் கேட்காத ஒலியால் காற்றை அளக்கும் கருவிக்கு, மாற முடிவு செய்தேன்.

இதில் சுழலும் பாகமே கிடையாது. எதிரெதிரே உள்ள இரண்டு சென்சார்கள் மாறி மாறி ஒலி அனுப்பிக்கொள்ளும். காற்றோடு போகும் ஒலி முந்தும், எதிர்த்து வருவது பிந்தும். இடைவெளி 10 செ.மீ., ஒலியின் வேகம் நொடிக்கு 340 மீட்டர், காற்றின் வேகம் 10 மீட்டர் என்று வையுங்கள். போக 286 மைக்ரோநொடி (நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோநொடி), வர 303. அந்த 17 மைக்ரோநொடி வித்தியாசத்தில்தான் காற்று பிடிபடுகிறது! இரு பக்கமும் அளப்பதால், வெயிலில் ஒலியின் வேகம் கூடினாலும் கணக்கு தப்பாது. குறுக்காக இன்னொரு பாதையும் இருப்பதால் திசையும் தெரிந்துவிடும்.

இங்கே சிங்கப்பூரில் ஏப்ரல், மே மாதங்களில் காற்று மூச்சுவிடுவது போலத்தான் வரும். தேய்ந்த கிண்ணம் அதற்கு அசையாது. மீயொலிக் கருவி காட்டிவிடும். ஆனால் அதே மாதங்களில் விடியற்காலையில் சுமத்ரா சூறை, அதாவது சுமத்ரா தீவுப் பக்கமிருந்து வரும் திடீர்ச் சூறைக்காற்று, மழையோடு வந்து அடிக்கும். சென்சார் முகத்தில் ஒரு துளி நீர் தங்கினால் போதும், ஒலி தடுமாறும். எண் தாவும், அல்லது மறைந்துவிடும். காற்றின் வேகம் நமக்கு மிகவும் தேவைப்படும் நேரமும் அதுதான். அதனால் விலையைப் பார்ப்பதற்கு முன் சென்சார் முகம் எப்படி அமைந்திருக்கிறது என்று பாருங்கள். தண்ணீர் தங்காமல் வழிந்துவிட வேண்டும். எத்தனை நொடிக்குச் சராசரி எடுக்கிறது என்றும் கேளுங்கள். சூறையில் தாமதமாக வரும் எண்ணால் பயனில்லை.

அப்புறம், படகுக் கருவிகள் ஒன்றோடொன்று தகவல் பரிமாறும் மொழி போன்றது என்எம்இஏ. உங்கள் திரைக்கருவி என்எம்இஏ 0183 பேசுமா, என்எம்இஏ 2000 பேசுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கருவியின் முன்குறி படகின் அணியத்தை, அதாவது முன்முனையை, நேராகப் பார்க்க வேண்டும். பக்கத்தில் ஆன்டெனா இருந்தால் தள்ளி வையுங்கள், அது காற்றைக் கலைக்கும்.

நான் வாங்கியதும் அதை நேராக மரத்தில் ஏற்றவில்லை. படகுத்துறையில் ஒரு வாளிமேல் நிறுத்தி, பாட்டில் தண்ணீரை மேலே ஊற்றினேன். திரையில் எண் மறைந்தது. மீண்டும் வரும்வரை ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். நான்கில் வந்தது. இன்னும் இரண்டு முறை ஊற்றிப் பார்த்த பிறகுதான் கயிற்றை எடுத்தேன்.