கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருக்கும் ஒருவர்

[திரையில்: பள்ளி வகுப்பறை. எழுந்து நிற்கும் ஒரு பையன்.]

தனியாகத் தவிக்கும் பையனோ பெண்ணோ படத்தில் இருந்தால், அடுத்து காதல் வரும், ஆளே மாறிப்போவார்கள் என்று எதிர்பார்க்கிறோம். மூக்குக்கண்ணாடியைக் கழற்றியதும் கதாநாயகி அழகியாகிவிடும் படங்களை விட்டுவிடுவோம். நல்ல படங்களில் யாரோ ஒருவர் கேள்வி கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பொறுமையாக இருக்கிறார். திருப்பம் அங்கேதான்.

1969-இல் கென் லோச் இயக்கிய 'கெஸ்' படத்தை எடுத்துக்கொள்வோம். இடம் இங்கிலாந்தின் பார்ன்ஸ்லி, நிலக்கரிச் சுரங்கப் பகுதி. பள்ளிச் சிறுவன் பில்லிக்கு வீட்டில் அண்ணனிடம் அடி, பள்ளியில் ஆசிரியர்களிடம் திட்டு. அவனுக்கு இருப்பதெல்லாம் அவன் பழக்கும் கெஸ்ட்ரல் என்ற சிறு வல்லூறுதான். ஆசிரியர் ஃபார்திங் அதைப் பற்றிச் சொல்லச் சொல்கிறார். முதலில் தயங்கித் தயங்கிப் பேசுகிறான். அப்புறம் கயிறு கட்டிப் பறக்கப் பழக்கியது, கயிறே இல்லாமல் முதன்முதலில் விட்டது என்று சொல்லச் சொல்ல, வகுப்பே வாயடைத்துக் கேட்கிறது. யாரும் அவனுக்கு ஆறுதல் சொல்லவில்லை. அவனுக்கு மட்டுமே தெரிந்த ஒன்றைக் கேட்டார்கள், அவ்வளவுதான். ஃபார்திங்காக நடித்த காலின் வெலண்ட் முன்பு நிஜமாகவே ஆசிரியராக இருந்தவர்.

[திரையில்: மேசைக்கு அந்தப் பக்கம் சிறுவன், நேராகப் பார்த்தபடி.]

இதற்குப் பத்து ஆண்டுகள் முன்பு, 1959-இல், பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவின் 'த 400 ப்ளோஸ்'. சீர்திருத்த மையத்தில் சிறுவன் அந்துவானிடம் உளவியலாளர் கேள்வி கேட்கிறார். அவர் முகத்தை நாம் பார்ப்பதே இல்லை, குரல் மட்டும்தான். பையனாக நடித்த ழான்-பியேர் லியோ பதில்களை அங்கேயே தன் போக்கில் பேசினார். அந்த நெளிவும் திடீர்ச் சிரிப்பும் எழுதி வரவழைக்கக்கூடியவை அல்ல. ஆனால் இங்கே கேட்கிறவர் அதிகாரி. அவனை அடைத்துவைத்த பிறகு வரும் கேள்வி. உண்மையில் அவன் சொல்வதைக் கேட்பது நாம்தான்.

2018-இன் 'எய்த் கிரேடு' இன்றைய காலத்துக்கு வருகிறது. தன்னம்பிக்கையைப் பற்றி பள்ளி மாணவி கேய்லா வீடியோ போடுகிறாள், பார்க்க ஆளில்லை. கடைசியில் அவளே அப்பாவிடம் கேட்டுவிடுகிறாள், தன்னைப் பார்த்தால் அவருக்கு வருத்தமாக இருக்கிறதா என்று. அந்த அப்பா தடுமாறித் தடுமாறிச் சொல்லும் பதில்தான் எனக்கு இந்தப் படத்தின் உச்சம்.

'மூன்லைட்'டில் (2016) நாயகன் சைரோனாக மூன்று வெவ்வேறு வயதுகளில் மூன்று நடிகர்கள். படப்பிடிப்பின்போது ஒருவரையொருவர் சந்திக்காமல் இயக்குநர் பேரி ஜென்கின்ஸ் பார்த்துக்கொண்டார். மூன்றாம் பகுதியில் பழைய நண்பன் கெவின் அவனிடம், நீ யார் என்று கேட்கிறான்.

எதில் தொடங்கலாம் என்றால், 'கெஸ்'. பார்ன்ஸ்லி பேச்சுவழக்கு ஆங்கிலம் பலருக்குப் புரியாது, சப்டைட்டில் போட்டுக்கொள்ளுங்கள்.