மிடின்னா ‘டொய்ங் டொய்ங்’ சத்தமா?

[திரை: கறுப்புப் பின்னணி. வெள்ளை எழுத்துல 144, 60, 100]

இந்த மூணு எண்ணையும் பாருங்க. 144, 60, 100. “முதல் சேனல்ல, பியானோவோட நடு ஸி கட்டையை, 100 அளவு வேகத்துல அழுத்து.” இதுக்கு அவ்வளவுதான் அர்த்தம். மூணே பைட். கட்டையை விடச் சொல்ல இன்னொரு மூணு பைட். இதுக்குள்ள சத்தம்னு ஒண்ணு கிடையவே கிடையாது. ஸ்வரம் எழுதின தாளைக் காதுல வச்சா ஏதாவது கேக்குமா? அதே கதைதான்.

இதுதான் மிடி. ஒரு கம்பெனியோட கீபோர்டு இன்னொரு கம்பெனியோட சிந்தசைசர்கிட்ட (மின்சாரத்துல சத்தம் உண்டாக்குற வாத்தியம்) பேசணும்னு 1983ல வந்த பொது பாஷை. ரோலண்டோட இகுடாரோ ககேஹாஷியும், சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸோட டேவ் ஸ்மித்தும் முன்னால நின்னு கொண்டுவந்தது.

மேடைக் கலைஞர்களுக்காக வந்த இந்தச் சமாச்சாரம் கம்ப்யூட்டர் கேமுக்குள்ள ஏன் நுழைஞ்சுது? இடம் இல்லாததாலதான்.

[திரை: ஒரு ஃபிளாப்பி. பக்கத்துல ஓடுற கடிகாரம்]

சிடி தரத்துல ஒரு நொடி சத்தத்துக்கு 1,76,400 பைட் வேணும். அப்போ 1.44 எம்பி ஃபிளாப்பியில எவ்வளவு பாட்டு அடங்கும்? 8 நொடி. பல்லவி ஆரம்பிக்கும்போதே டிஸ்க் நிறைஞ்சுடும். அதே பாட்டை மிடியா எழுதினா சில பத்து கிலோபைட்ல முழுசா முடிஞ்சுது.

சரி, தாள் கைக்கு வந்தாச்சு. வாசிக்கப்போறது யாரு? வம்பு அங்கதான் ஆரம்பம்.

1987ல ரெண்டு பேர் வந்தாங்க. ஒண்ணு ஆட்லிப், கம்ப்யூட்டருக்குள்ள சொருகுற சவுண்ட் கார்டு. அதுல யமஹாவோட ஒய்எம்3812 சிப். எஃப்எம் முறையில (ரேடியோ இல்ல, ஒரு அலையால இன்னொரு அலையை அசைச்சு சத்தம் உண்டாக்குறது) ஒரே நேரத்துல 9 குரல் வரும். வயலினும் டிரம்பெட்டும் ஒரு வயித்துப் பிள்ளைங்க மாதிரி கேக்கும், ஆனா அதுக்குன்னு ஒரு தனி அழகு உண்டு. இன்னொண்ணு ரோலண்ட் எம்டி-32. இது வெளியில வைக்கிற தனிப் பெட்டி, விலையும் எக்கச்சக்கம். அடுத்த வருஷமே சியரா நிறுவனம் கிங்ஸ் குவெஸ்ட் 4 கேம்ல இது ரெண்டுக்கும் இசை போட்டுச்சு.

[திரை: எம்டி-32 முகப்பு, க்ளோஸ்-அப்]

இந்தப் பெட்டியில சின்னதா ஒரு எழுத்துத் திரை இருக்கு பாருங்க. கேம்ல இருந்து இதுக்கு வாசகம் அனுப்ப முடியும். ஸ்பேஸ் குவெஸ்ட் 3 என்ன பண்ணும் தெரியுமா? “இன்சர்ட் பக்கஸாய்ட்”னு எழுதும். அந்தக் கேம் உலகத்துக் காசை உள்ள போடச் சொல்லிக் கேக்குது! மெனக்கெட்டு யாரோ உக்காந்து செஞ்ச குறும்பு. எம்டி-32 வாங்கினவங்க மட்டும்தான் பாத்திருப்பாங்க.

1989ல கிரியேட்டிவோட சவுண்ட் பிளாஸ்டர். ஆட்லிப்ல இருந்த அதே சிப், கூடவே பதிவு செஞ்ச குரலும் வெடிச்சத்தமும், கூடவே ஜாய்ஸ்டிக் சொருக 15 பின் போர்ட். ஒரே கார்டுல மூணு வேலை. ஆட்லிப் அதுக்கப்புறம் எழுந்திருக்கவே இல்ல.

அந்தக் காலத்து ஆளுங்களுக்கு, டாஸ்ல எழுதி வைக்கிற இந்த வரி கனவுல கூட மறக்காது: செட் பிளாஸ்டர்=ஏ220 ஐ5 டி1. கார்டு எந்த முகவரியில இருக்கு, எந்த இன்டரப்ட் (ப்ராசசரைக் கூப்பிடுற வழி), எந்த டிஎம்ஏ சேனல் (மெமரியில இருந்து நேரா தகவல் எடுக்கிற வழி), எல்லாத்தையும் நாமதான் சொல்லணும். இன்டரப்ட் 7னு வச்சா பிரிண்டரோட மோதும். தப்பா குடுத்துட்டா முதல் துப்பாக்கிச் சத்தத்துலயே மெஷின் உறைஞ்சு நிக்கும். பழைய நினைவுன்னா எல்லாமே இனிக்கும்னு சொல்றாங்க. இது எனக்கு இன்னைக்கும் கசப்புதான்.

1991ல ஜெனரல் மிடி வந்துச்சு. 128 வாத்தியத்துக்கும் எண் போட்டாங்க. 1ன்னா பியானோ, 31ன்னா டிஸ்டார்ஷன் கிட்டார், 10வது சேனல்ல தாளம் மட்டும். என்ன வாத்தியம்ங்கிறது இதுல முடிவாச்சு. அது எப்படி ஒலிக்கணும்ங்கிறது மட்டும் அந்தந்த கார்டோட இஷ்டம். 1993ல வந்த டூம் கேம்ல பாபி பிரின்ஸ் போட்ட முதல் லெவல் இசையை ரோலண்ட் எஸ்சி-55 பெட்டியில கேட்டா கிட்டார் உறுமும். அதே ஃபைலை எஃப்எம் சிப்ல போட்டா டப்பாவுக்குள்ள வண்டு மாட்டின மாதிரி இருக்கும். இசையமைப்பாளர் கேட்டது ஒண்ணு, நாம கேட்டது வேற ஒண்ணு.

அதனால, பதிவு செஞ்ச இசைக்கு கேம் பண்றவங்க தாவினதுல எனக்கு ஆச்சரியமே இல்ல. 1996ல வந்த குவேக் கேம்ல ட்ரென்ட் ரெஸ்னரோட இசை அப்படியே ஆடியோ சிடி டிராக்கா இருந்துச்சு. எந்த வீட்டுல ஓடினாலும் அதே சத்தம். டிஸ்க்கை எடுத்துட்டு வேற பாட்டு சிடியைப் போட்டா, அந்தப் பாட்டுக்கு நடுவுல அரக்கர்களைச் சுடலாம்ங்கிறது கூடுதல் வசதி. அப்புறம் எம்பி3 வந்ததும் இடப் பிரச்சனையும் தீந்துபோச்சு.

ஆனா கைவிட்டுப் போனது எதுன்னு பாக்கணும்னா, மங்கி ஐலண்ட் 2 கேமுக்குப் போகணும்.

[திரை: உட்டிக் ஊர். கதாநாயகன் ஒவ்வொரு கதவா நுழைஞ்சு வெளிய வர்றான்]

1991. லூகாஸ்ஆர்ட்ஸ்ல மைக்கேல் லேண்டும் பீட்டர் மக்கானலும் உருவாக்கின ஐம்யூஸ், கேம் போற போக்குக்கு ஏத்தபடி மிடி இசையை மாத்துற ஏற்பாடு. இந்த ஊர்ல ஒரு மெட்டு ஓடிட்டே இருக்கும். ஒரு அறைக்குள்ள நுழைஞ்சா மெட்டு நிக்காது, அந்த அறைக்கான வாத்தியத்துக்குக் கைமாறும். வெளிய வந்தா, தாளம் ஒரு கட்டத்துக்கு வர்ற வரை காத்திருந்து, ஒரு சின்ன இணைப்புச் சந்தம் வாசிச்சு, பழைய மெட்டோட சேந்துக்கும். ஒட்டுப்போட்ட இடமே தெரியாது. அடுத்த ஸ்வரம் இன்னும் வாசிக்கப்படலை, மனசை மாத்திக்க நேரம் இருக்கு, அதனாலதான் இது நடந்துச்சு. பதிவு செஞ்ச பாட்டுல வாசிச்சது வாசிச்சதுதான். இன்னைக்கு வைஸ், எஃப்மாட் மாதிரி மென்பொருளை வச்சு, பாட்டைத் துண்டு துண்டா, அடுக்கு அடுக்கா வெட்டி இதைத்தான் திரும்பப் பண்றாங்க. நல்லாவே பண்றாங்க. ஆனா நடு ஓட்டத்துல சுருதியை மாத்துறதும், புல்லாங்குழல் வாசிக்கிற வரியை வயலின்கிட்ட குடுக்கிறதும் மிடியில ஒரு எண்ணை மாத்துற வேலை.

கார்டுகளோட கதை சுருக்கம்தான். 1997ல இன்டெல் ஏசி’97ங்கிற ஒலித் தரத்தைக் கொண்டுவந்துச்சு, சவுண்ட் மதர்போர்டுலயே வந்து உக்காந்துச்சு. வாத்தியம் வாசிக்கிற வேலையையும் ப்ராசசரே ஏத்துக்கிச்சு. விண்டோஸ் கூடவே வர்ற சிந்தசைசருக்கான ஒலி மாதிரிகள் ரோலண்ட்கிட்ட இருந்து வந்தவை. மொத்த வாத்தியங்களும் 4 எம்பி கூட இல்லாத ஒரே ஃபைல்ல நெருக்கியடிச்சு உக்காந்திருக்கும். பெரும்பாலானவங்க “மிடி சத்தம்”னு கேலி பண்றது இந்த ஒரு ஃபைலைத்தான்.

2007ல விண்டோஸ் விஸ்டா. டைரக்ட்சவுண்டுக்கு (விண்டோஸ்ல கேம்கள் சத்தம் போடப் பயன்படுத்துற வழி) கார்டு தந்த உதவியை மொத்தமா துண்டிச்சுட்டாங்க. மிடியை எந்தக் கருவி வாசிக்கணும்னு கன்ட்ரோல் பேனல்ல தேர்ந்தெடுக்கிற இடமும் காணாமப்போச்சு. இன்னொரு கூத்தும் நடந்துச்சு: பழைய கேம்ல இசையோட சத்தத்தைக் குறைச்சா துப்பாக்கிச் சத்தமும் சேந்து குறையும்! இதுக்காகவே டூமை இன்னைக்கும் ஓடவைக்கிற ஆளுங்க, மிடி வாசிக்க மட்டும் தனியா ஒரு புரோகிராமைப் பின்னணியில ஓட விட்டாங்க.

உங்ககிட்ட ஏதாவது பழைய கேம் இருந்தா இதைச் செஞ்சு பாருங்க. பழைய டாஸ் கேமை இன்னைய கம்ப்யூட்டர்ல ஓட்டுற டாஸ்பாக்ஸ்ல போட்டு, முதல்ல ஆட்லிப் தேர்ந்தெடுத்துக் கேளுங்க. அப்புறம் ஃப்ளூயிட்சிந்த்ங்கிற மென்பொருள் சிந்தசைசர்ல ஒரு நல்ல சவுண்ட்ஃபான்ட் (வாத்திய ஒலிகளோட ஃபைல்) போடுங்க. கேம் எம்டி-32க்குன்னு எழுதினதா இருந்தா அந்தப் பெட்டி மாதிரியே நடிக்கிற மன்ட் எமுலேட்டர்லயும் கேளுங்க. நான் இப்போ டூம் ஃபைலை ரெண்டு விதமா அடுத்தடுத்து ஓட விடறேன், ஃபைல்ல ஒரு பைட் கூட மாறலை.

[ஒலி: அதே மெட்டு, முதல்ல எஃப்எம், அப்புறம் எஸ்சி-55. பேச்சு இல்லை]