கண்ணாடி துடைத்தவர்

(புதிதாக எழுத வந்தவர்களுக்கான ஒருநாள் முகாமில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். மின்விசிறிச் சத்தத்தில் பின்வரிசைக்குக் கேட்காவிட்டால் கையைத் தூக்குங்கள்.

போன வாரம் ஒரு தம்பி போனில் கேட்டார்: "அண்ணே, கதையை மெயிலில் அனுப்பினா போட்டுடுறாங்க. அப்புறம் எதுக்கு ராத்திரி பஸ் ஏறி முகாமுக்கெல்லாம் போகணும்?" நியாயமான கேள்விதான். பஸ் காசு, இரண்டு நாள் லீவு, வீட்டில் ஏச்சு, எல்லாம் இருக்கிறதே.

பதிலுக்கு ஒரு பழைய கதை சொல்கிறேன். இறையனார் களவியல் என்ற பழைய இலக்கண நூலுக்குச் சங்கப் புலவர்கள் 49 பேரும் ஆளுக்கொரு உரை செய்தார்களாம். எது சரியான உரை என்று தகராறு. தீர்த்துவைக்க உட்கார வைத்தது யாரை? உருத்திரசன்மன் என்ற ஐந்து வயதுப் பிள்ளையை. வாய் பேசாதவன். ஒவ்வொருவராக வாசிக்கிறார்கள், பிள்ளை சும்மா இருக்கிறான். மருதன் இளநாகனார் வாசித்தபோது அங்கங்கே கண்ணீர், மெய்சிலிர்ப்பு. நக்கீரர் வாசித்தபோது சொல்லுக்குச் சொல் கண்ணீர். தீர்ப்பு முடிந்தது. நடந்ததா இல்லையா என்பதை விடுங்கள். எனக்கு நக்கீரரைவிட அந்த மற்ற 47 பேர்மேல்தான் கரிசனம். அசையாத முகத்தைப் பார்த்துக்கொண்டே கடைசி வரி வரை வாசித்திருப்பார்கள், பாவம்.

அந்த 47 பேரில் நானும் ஒருவனாக இருந்திருக்கிறேன். முதல் முகாம், மலையடிவாரத்தில் ஒரு பள்ளிக்கூடம். பிள்ளைகள் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தோம். என் கதையில் ஒன்றரைப் பக்கத்துக்கு மழை. எனக்கு அதில் பெரிய பெருமை. வீட்டில் வாசிக்கும்போதெல்லாம் நானே நனைந்துபோவேன். முன்வரிசையில் ஒரு பெரியவர், அச்சகத்தில் எழுத்துக் கோத்து ஓய்வு பெற்றவர். மழை தொடங்கியதும் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைக்க ஆரம்பித்தார். துடைத்தார், துடைத்தார். மழை விட்டு, கதையில் வரும் அம்மா பக்கத்து வீட்டில் கடனாக வாங்கிய அரிசியை முந்தானையில் ஏந்தி வீட்டுக்குள் வந்தாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

ராத்திரி டீக்கடையில் பக்கத்தில் போய் நின்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "மழை நல்லாத்தான் பெய்யுது தம்பி. ஆனா அந்தம்மா முந்தானையில இருந்த அரிசி நனையலையே?"

அந்த ஒன்றரைப் பக்கம் நாலு வரியாயிற்று. நாலு வரியும் அரிசிமேல் பெய்தது. தபாலில் போன என் கதைகளுக்குப் பதில் வந்தால் 'பிரசுரிக்கிறோம்', இல்லாவிட்டால் 'இயலாமைக்கு வருந்துகிறோம்'. எந்த இடத்தில் ஆள் கண்ணாடியைக் கழற்றினார் என்பதைத் தபால்காரர் கொண்டுவர மாட்டார்.

எல்லாக் கூட்டத்துக்கும் ஓடுங்கள் என்று சொல்லவில்லை. பொன்னாடை போர்த்தவே முக்கால் மணி நேரம் ஆகிற விழாக்கள் உண்டு. அப்படி ஒன்றில் சிறப்பு விருந்தினர் பேச்சு நீண்டுவிட்டதால், வாசிக்க வந்த எங்கள் ஆறு பேரையும் பெயர் மட்டும் சொல்லி எழுந்து நிற்கச் சொன்னார்கள். நின்றோம். சாப்பாடு நன்றாக இருந்தது.

ஆள் குறைந்த, நாற்காலியை வட்டமாகப் போட்ட இடமாகத் தேடுங்கள். புலம்பெயர்ந்த ஈழத் தமிழர்கள் 1988இல் ஜெர்மனியில் 'இலக்கியச் சந்திப்பு' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். ஐரோப்பாவில் ஊர் ஊராகக் கூடி, 2013இல் யாழ்ப்பாணத்திலும் நடந்தது. எங்கெங்கோ இருந்தவர்கள், வேலைக்கு லீவு சொல்லிவிட்டு ஒரு மண்டபத்தில் கூடித் தமிழில் விவாதித்தார்கள். சண்டையும் போட்டார்கள். அந்நிய ஊரில் தமிழில் சண்டை போட ஆள் கிடைப்பதும் ஒரு பாக்கியம்தானே! கோயம்புத்தூரில் டிசம்பரில் நடக்கும் விஷ்ணுபுரம் இலக்கிய விருது விழாவில் எழுத்தாளரை உட்கார வைத்து வாசகர்கள் நேரடியாகக் கேள்வி கேட்கிறார்கள். கேள்வி கேட்க வேண்டுமென்றால் முதலில் படித்துவிட்டுப் போக வேண்டும். பாதிப் பயன் ஊரிலேயே கிடைத்துவிடும்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. கதையைப் பெரிய எழுத்தில் அச்செடுத்துக் கொள்ளுங்கள், போனைத் தடவித் தடவி வாசித்தால் எதிரே இருக்கிற முகம் தெரியாது. பத்து நிமிடம் தந்தால் ஒன்பதில் முடியுங்கள். வாசிக்கும் முன் கதைக்கு விளக்கம் சொல்லாதீர்கள், வாசித்தபின் அதற்காக வக்காலத்து வாங்காதீர்கள். உங்கள் புத்தகத்தைக் கட்டுக்கட்டாகக் கொண்டுபோய் வருகிறவர் போகிறவர் கையில் திணிக்கவும் வேண்டாம். பதிப்பாளர் கிடைப்பார் என்ற கணக்கோடு போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும். கேட்டதையெல்லாம் அன்று ராத்திரியே எழுதி வையுங்கள். பஸ்ஸில் தூங்கி எழுந்தால் பாராட்டியது மட்டும்தான் நினைவில் இருக்கும், என் அனுபவம் அது.

சரி, நான் பேசியது போதும். யார் முதலில் வாசிக்கப் போகிறீர்கள்? நான் இறங்கி முன்வரிசையில் உட்கார்ந்துகொள்கிறேன். நடுவில் கண்ணாடியைக் கழற்றினேன் என்றால், தூசி என்று நினைத்துவிடாதீர்கள்.