மைனஸ் 30 காட்டிய வண்டி

நேயர்களுக்கு வணக்கம். கொழிஞ்சாம்பாறையில் கார் ஏசி வேலை பார்க்கிறவன் நான். பங்குனி, சித்திரையில் நம் சித்தூர் தாலுக்கா வெயில் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கே இருந்து வருகிற காற்றே அனலாகத்தான் வரும். அந்த இரண்டு மாதமும் என் ஷெட்டில் ஒரே பேச்சுதான்: "கேஸ் தீர்ந்துபோச்சுங்ணா, கேஸ் போட்டு விடுங்க."

ஆட்டோமேட்டிக் ஏசி, அதாவது வேண்டிய வெப்பத்தைச் சொல்லிவிட்டால் குளிரைத் தானே கூட்டிக் குறைக்கிற ஏசி உள்ள வண்டி, தன் கோளாறைத் தானே கவனித்துக் குறித்து வைத்துக்கொள்கிறது. அதைக் கேட்காமல் கேஸ் டப்பாவைக் கையில் எடுக்காதீர்கள். இதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

போன சித்திரையில் வேலந்தாவளத்தில் இருந்து ஒரு தம்பி வந்தார். "ரெண்டு இடத்துல கேஸ் போட்டாச்சுங்ணா. காத்து வருது, குளிர மாட்டேங்குது" என்றார். பகல் 1 மணி. மீட்டர் போர்டில் வெளி வெப்பம் மைனஸ் 30 டிகிரி என்று எரிந்துகொண்டிருந்தது. கண்ணெதிரே இருந்த அந்த எண்ணை இரண்டு இடத்திலும் யாரும் பார்க்கவில்லை.

முன் பம்பருக்குப் பின்னால் புளியங்கொட்டை அளவில் ஒரு சென்சார் இருக்கும். சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும், குளிரக் குளிரக் கூடும். ஏசியின் கட்டுப்பாட்டுப் பெட்டி தனக்குள் உள்ள ஒரு மின்தடை வழியாக அதற்கு 5 வோல்ட் கொடுத்து, இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு வோல்ட் நிற்கிறது என்று பார்த்து வெப்பத்தைக் கணக்கிடும். வயர் அறுந்தால்? மின்சாரம் போக வழியில்லை, முழு 5 வோல்ட்டும் அப்படியே நிற்கும். பெட்டியின் கணக்கில் அது கடுங்குளிர். வயர் பாடியில் உரசி ஷார்ட் ஆனால் வோல்ட் பூஜ்யத்துக்குப் போகும், அது கொடும் வெப்பம். நல்ல சென்சார் இந்த இரண்டு எல்லைகளையும் ஒருநாளும் தொடாது. அதனால், தொட்டுக்கொண்டு சிறிது நேரம் நின்றாலே 'இது வெயிலுமில்லை, பனியுமில்லை, வயரில் கோளாறு' என்று பெட்டி ஒரு எண்ணைப் பதிந்துவிடும். ஸ்கேனரை மாட்டினால் பி என்ற எழுத்தில் தொடங்கி அந்த எண் வரும். சில வண்டிகள் அதன்பின் தாமாகவே ஒரு நடுத்தர வெப்பத்தை வைத்துக்கொண்டு ஓடும். தம்பியின் வண்டி அந்த ரகம் இல்லை. வெளியே உறைபனி என்று நம்பிவிட்டது. உறைபனியில் கம்ப்ரசரை, அதாவது கேஸை அழுத்திச் சுற்றவிட்டுக் குளிரைத் தருகிற பம்பை, ஓட்டக் கூடாது என்பது அதற்குச் சொல்லிக் கொடுத்த விதி.

பம்பரைக் கழற்றினால் வயரை எலி கடித்திருக்கிறது. அறுப்பு முடிந்த வயலோரம் நிறுத்துகிற வண்டிகளில் இது எனக்குப் பழகிய காட்சி. வயரைச் சேர்த்து ஸ்லீவ் போட்டேன், கம்ப்ரசர் ஓடிவிட்டது. ஆனால் இரண்டு தடவை அளவுக்கு மேல் ஏற்றிய கேஸை முழுக்க இறக்கி, பானட்டில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் உள்ள கிராம் கணக்குப்படி எடை போட்டு ஏற்ற வேண்டியிருந்தது. எலி வைத்த செலவு சின்னது. வீண் கேஸ் வைத்த செலவு பெரிது.

"அப்படியானால் கேஸ் குறைந்தால் வண்டி சொல்லாதா?" என்று கேட்பீர்கள். அங்கேதான் அதற்குக் கொஞ்சம் கண் மறைக்கிறது. குழாயில் உள்ள அழுத்த சென்சாருக்கு அழுத்தம் தெரியும், அளவு தெரியாது. வீட்டு அடுப்பு சிலிண்டரை நினைத்துப் பாருங்கள். பாதி இருந்தாலும் முழுதாக இருந்தாலும் சுடர் ஒன்றுதான். உள்ளே துளி திரவம் இருக்கிற வரை அழுத்தம் வெப்பத்தைப் பொறுத்ததே தவிர அளவைப் பொறுத்ததல்ல. ஏசி கேஸும் இப்படித்தான். ஏறக்குறைய காலியான பிறகுதான் அழுத்தம் விழும், கம்ப்ரசர் நிறுத்தப்படும், எண் பதியும். அதுவரை குளிர்ச்சி மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே வரும், வண்டி மௌனமாக இருக்கும். கேஸ் குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்றுதான் பொருள். கசிவை அடைக்காமல் நிரப்புகிற மெக்கானிக்கிடம் போகாதீர்கள்.

குளிர்காற்றையும் சூடான காற்றையும் கலக்கிற ஃப்ளாப்பும் அப்படி ஏமாற்றும். அதைத் திருப்புகிற மோட்டாருக்குள் 'எவ்வளவு திரும்பினேன்' என்று சொல்ல ஒரு சென்சார் உண்டு. மோட்டார் திரும்பி, ஃப்ளாப்பின் பிளாஸ்டிக் காது மட்டும் உடைந்திருந்தால் பெட்டிக்கு எல்லாம் சரி. டாஷ்போர்டுக்குள் டக் டக் என்று சத்தம் கேட்டால் மெக்கானிக்கிடம் மறக்காமல் சொல்லுங்கள். அப்புறம், ஸ்கேன் பண்ணுவதற்கு முன் பேட்டரி வயரைக் கழற்ற விடாதீர்கள். சில வண்டிகளில் பதிந்த எண்கள் அத்தோடு அழிந்துபோகும்.

ஸ்கேனர் இல்லாமலும் கேட்கலாம். பழைய டொயோட்டா வண்டிகள் பலவற்றில் ஆட்டோ பட்டனையும், உள்ளே இருக்கிற காற்றையே சுற்றவிடுகிற உள்காற்று பட்டனையும் சேர்த்து அழுத்திக்கொண்டே சாவியைத் திருப்பினால், பேனல் விளக்குகள் நான்கு முறை மின்னிவிட்டு எண்கள் வரும். 00 என்றால் கோளாறு இல்லை. 11 உள் வெப்ப சென்சார், 12 வெளி வெப்ப சென்சார், 21 வெயில் சென்சார்.

இந்த 21 எனக்குப் பாடம் சொன்ன எண். ரிட்டயர் ஆன டீச்சர் ஒருவர், மதியம் வெயிலில் ஓட்டினால் குளிர் பற்றவில்லை என்று வந்தார். 21 வந்தது. ஷெட்டுக்குள் சோதித்தால் நல்ல வண்டிக்கும் அந்த எண் வரும். டியூப் லைட் வெளிச்சம் அந்த சென்சாருக்கு இருட்டு மாதிரிதான். வண்டியை வெளியே தள்ளி உச்சி வெயிலில் நிறுத்தினேன். மறுபடி 21. புது சென்சார் ஆர்டர் போடலாம் என்று போனைக்கூட எடுத்துவிட்டேன். அப்போதுதான் டாஷ்போர்டைப் பார்த்தேன். கண்ணாடி ஓரம், கறுப்புப் பொட்டு மாதிரி சென்சார் இருக்க வேண்டிய இடத்தில், குருவாயூரப்பன் நின்றுகொண்டிருந்தார். பீடம் சரியாக அதன்மேல். வெயில் படாத சென்சார், 'வெளியே வெயிலே இல்லை' என்று சொல்லிக்கொண்டிருந்தது. பெட்டியும் அதை நம்பிக் குளிரைக் குறைவாகவே அனுப்பியது.

டீச்சர் முகம் வாடிவிட்டது. "எடுத்துடணுமா?"

"வேண்டாம் டீச்சர். ரெண்டு விரற்கடை தள்ளி வெச்சாப் போதும்."

அவரே கும்பிட்டுத் தள்ளி வைத்தார். பட்டன்களை அழுத்தி மறுபடி சாவியைத் திருப்பினேன். 00.