ஆள் கணக்கு

(முன்னாள் கடற்படையினர் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, சங்கத்தின் மூத்தவர்களே, என்னோடு கப்பலில் வாட்ச் என்னும் முறைக்காவல் பார்த்த தோழர்களே, நாங்கள் கடலில் கிடந்தபோது கரையில் குடும்பத்தைக் கட்டிக்காத்த தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

கப்பலில் காலையில் முதல் வேலை என்ன? மஸ்டர். பெயரைக் கூப்பிட்டால் குரல் வர வேண்டும். வராவிட்டால் விடமாட்டோம்; டெக், எஞ்சின் ரூம், மெஸ் என்று ஓர் இடம் பாக்கியில்லாமல் தேடுவோம். ஆள் கிடைக்கும்வரை கணக்கு முடியாது. இப்படி எண்ண வேண்டிய நேரத்தில் எவரும் எண்ணாமல் விட்ட ஒரு கப்பலைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். அமெரிக்கக் கடற்படையின் இண்டியானாபொலிஸ்.

1945 ஜூலை 26-ஆம் தேதி இந்தக் கப்பல் பசிபிக்கில் இருக்கும் டினியன் தீவில் அணுகுண்டின் பாகங்களை இறக்கியது. பிறகு குவாம் போய், அங்கிருந்து பிலிப்பைன்ஸின் லெய்டேவுக்குத் துணைக்கப்பல் எதுவும் இல்லாமல் கிளம்பியது. ஜூலை 30, நள்ளிரவு தாண்டிச் சில நிமிடங்கள். ஐ-58 என்ற ஜப்பானிய நீர்மூழ்கியின் இரண்டு டார்பிடோக்கள் தாக்கின. 12 நிமிடத்தில் கப்பல் போய்விட்டது. இருந்தவர்கள் 1,195 பேர். ஏறக்குறைய 300 பேர் கப்பலோடு போனார்கள். மற்றவர்கள் தண்ணீரில்.

நாம் கடலை அறிந்தவர்கள். அதனால் விரிக்காமல் சொல்கிறேன். கண்ணிலும் வாயிலும் எண்ணெய், பகலில் வெயில், இரவில் குளிர், சுற்றிலும் சுறா. தாகம் தாங்காமல் உப்புத் தண்ணீரைக் குடித்தவர்களுக்குப் புத்தி பேதலித்தது. இதோ தீவு தெரிகிறது என்று சொல்லிவிட்டு, கூட்டத்தை விட்டு நீந்திப் போனவர்கள் திரும்பவில்லை.

லெய்டேவில் கப்பல் வந்து சேர வேண்டிய நாள் வந்தது, போனது. வரவில்லையே என்று எவரும் கேட்கவில்லை. போர்க்கப்பல் வந்திருக்கும் என்று அவரவர் நினைத்துக்கொண்டார்கள். ஆகஸ்ட் 2-ஆம் தேதி ரோந்து வந்த விமானி சக் க்வின் கடலில் எண்ணெய்த் திட்டைக் கண்டு தாழப் பறந்தார். எண்ணெய்க்கு நடுவே மனிதத் தலைகள். யாரும் அவரை இவர்களைத் தேடச் சொல்லி அனுப்பவில்லை. தற்செயலாகத்தான் கண்ணில் பட்டார்கள். கடைசியில் பிழைத்தவர்கள் 316 பேர்.

இவ்வளவு பெரிய சாவுக்கு யாராவது பதில் சொல்ல வேண்டுமே? கேப்டன் சார்லஸ் மெக்வேயை இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். நீர்மூழ்கி குறிவைக்க முடியாதபடி கப்பலை வளைத்து வளைத்துச் செலுத்தவில்லை என்பது குற்றம். அதைவிட எனக்கு நெஞ்சு கொதிப்பது, சுட்ட நீர்மூழ்கியின் தளபதி ஹஷிமோட்டோவையே சாட்சிக்கு வரவழைத்தார்கள். வளைத்து ஓட்டியிருந்தாலும் தப்பியிருக்க முடியாது என்றுதான் அவர் சொன்னார். அப்படியும் மெக்வே குற்றவாளி என்று தீர்ப்பு. தண்டனையைப் பிறகு ரத்து செய்தார்கள். தீர்ப்பு மட்டும் நின்றது.

1960-இல் பிழைத்தவர்கள் முதன்முறையாக இண்டியானாபொலிஸ் நகரில் கூடினார்கள். கேப்டனையும் அழைத்தார்கள். இத்தனை பிள்ளைகளைப் பறிகொடுத்தவன் எந்த முகத்தோடு போய் நிற்பது என்று அவருக்குத் தயக்கம். போனார். அவருடைய ஆட்கள் வரிசையில் நின்று சல்யூட் அடித்தார்கள். பொறுப்பில் இருந்தவர் எவரும் அவருக்குத் தராத மரியாதையை, அதே தண்ணீரில் மிதந்தவர்கள் தந்தார்கள். சங்கம் என்பது என்ன என்று யாராவது என்னைக் கேட்டால் இந்த வரிசையைத்தான் காட்டுவேன்.

ஆனால் மகனை இழந்த குடும்பங்களின் வசைக் கடிதங்கள் அவருக்கு வந்துகொண்டே இருந்தன. 1968 நவம்பரில் மெக்வே தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார்.

மாலுமிகள் அத்தோடு விட்டிருக்கலாம். விடவில்லை. ஆரம்பத்தில் ஐந்தாண்டுக்கு ஒரு முறை கூடியவர்கள் போகப்போக ஆண்டுதோறும் கூடினார்கள். 1995 ஆகஸ்டில் அந்த நகரத்துக் கால்வாய்க் கரையில் நினைவுச் சின்னம் எழுப்பினார்கள். கருங்கல்லில் இறந்தவர் பெயர்களோடு பிழைத்தவர் பெயர்களும் உண்டு. முழுக் கப்பலும் அந்தக் கல்லில் மஸ்டருக்கு நிற்கிறது.

கேப்டனின் பெயரைத் துடைக்க அவர்கள் தட்டாத கதவில்லை. பள்ளிக்கூடத்துச் செயல்திட்டத்துக்காக இவர்களைத் தேடி வந்த ஹன்டர் ஸ்காட் என்ற சிறுவனும் சேர்ந்துகொண்டான். 1999-இல் அந்தப் பையனும் கிழவர்களும் செனட் குழு முன்னால் சாட்சி சொன்னார்கள். ஹஷிமோட்டோவும் கேப்டனுக்காகக் கடிதம் எழுதினார். 2000 அக்டோபரில் அமெரிக்க நாடாளுமன்றம் மெக்வே மீது பழி இல்லை என்றது. அதே மாதத்தில் ஹஷிமோட்டோ காலமானார். மெக்வே மீது பழி இல்லை என்பதை அடுத்த ஆண்டு கடற்படையின் ஆவணத்திலும் சேர்த்தார்கள்.

2017-இல், ஏறக்குறைய 5,500 மீட்டர் ஆழத்தில் கப்பல் கிடைத்தது. அதற்கு அடுத்து நடந்த வேலைதான் எனக்கு மிகவும் பிடித்தது. 'காணாமல் போனவர்' என்று பதிவில் இருந்தவர்களில் 13 பேரின் உடல்களை மீட்புக் கப்பல்கள் எடுத்து, முறைப்படி கடலில் அடக்கம் செய்திருந்தன என்று பழைய பதிவேடுகளைப் புரட்டிக் கண்டுபிடித்தார்கள். கடற்படையின் வரலாற்றுத் துறையோடு பிழைத்தோர் சங்கமும் அவர்கள் பிள்ளைகள் நடத்தும் அமைப்பும் சேர்ந்து செய்த வேலை. 2022-இல் பதிவைத் திருத்தினார்கள். 77 ஆண்டுக்குப் பிறகு 13 வீடுகளுக்குப் பதில் கிடைத்தது.

நமக்கும் இப்படி மூழ்கிய ஒரு கப்பல் உண்டு, இந்தியக் கடற்படையின் குக்ரி. 1971 டிசம்பர் 9, டையூவுக்கு அப்பால். 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் கப்பலோடு போனார்கள். கேப்டன் மகேந்திரநாத் முல்லா கப்பலை விட்டு இறங்கவே இல்லை. டையூ கரையில் நினைவிடம் இருக்கிறது. போக முடிந்தவர்கள் ஒரு முறையாவது போய் நில்லுங்கள்.

கடைசியாக என் மனக்குறை ஒன்று. என்னோடு ஒரே மெஸ்ஸில் மூன்று வருடம் இருந்த ஒரு ஸ்டோக்கர், அதாவது எஞ்சின் ரூம் ஆள், இராமநாதபுரம் பக்கம். பொங்கலுக்கு வாழ்த்துச் சொல்லப் போன் போட்டேன். எடுத்தது அவர் மனைவி. "அவரு போயி எட்டு மாசமாச்சுண்ணே, யாருக்குச் சொல்றதுன்னு தெரியல" என்றார். அவர் மேல் என்ன தப்பு? எங்கள் நம்பர் அவரிடம் இல்லை. நாங்கள் கொடுத்து வைக்கவில்லை.

அதனால் வாசலில் ஒரு நீள நோட்டு வைத்திருக்கிறேன். எந்தக் கப்பல், எந்த வருடம், கூட இருந்தவர்கள் யார் யார், வீட்டில் யாரிடம் பேசலாம், என்ன நம்பர் என்று எழுதுங்கள். போய்விட்டவர்கள் பெயரையும் எழுதுங்கள். பெயர் மறந்துவிட்டால் ஊரையாவது எழுதுங்கள், மெஸ்ஸில் பாதிப் பேரை நாம் ஊர் பெயர் சொல்லித்தானே கூப்பிட்டோம். அந்த ஸ்டோக்கர் பெயரை முதல் வரியில் நான் எழுதிவிட்டேன். சாப்பாட்டுக்கு இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது.