உறைந்துபோன ஒரு சின்னக் குழாய்

நேயர்களுக்கு வணக்கம்.

2021 பிப்ரவரி 15, திங்கட்கிழமை. விடியற்காலை 5:37 மணி. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், வளைகுடாக் கடலோரம் உள்ள சவுத் டெக்சாஸ் அணுமின் நிலையத்தின் முதல் உலை தானாக நின்றுவிட்டது. உலையில் எந்தக் கோளாறும் இல்லை. நீராவிக் கலனுக்குத் தண்ணீர் அனுப்பும் பம்புகளோடு இணைந்த ஓர் அழுத்த உணர்குழாய் உறைந்துபோயிருந்தது. அவ்வளவுதான்.

உணர்குழாய் என்றால் என்ன என்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். பெரிய குழாயில் தண்ணீர் என்ன அழுத்தத்தில் ஓடுகிறது என்று தெரிந்துகொள்ள, அதிலிருந்து விரல் பருமனில் ஒரு சின்னக் கிளைக்குழாயை எடுத்து ஒரு அளவுகருவியில் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். பெரிய குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும், அதனால் லேசில் உறையாது. சின்னக் குழாயிலோ தண்ணீர் ஓடாது, அசையாமல் நிற்கும். குளிர் முதலில் பிடிப்பது அதைத்தான். உள்ளே பனிக்கட்டி அடைத்தவுடன் கருவி பொய்யான அளவைக் காட்டும். அந்தப் பொய்யை நம்பி, பாதுகாப்பு அமைப்பு பம்பை நிறுத்தும். பம்பு நின்றால் கலனில் நீர்மட்டம் இறங்கும், உலை தானே அணைந்துகொள்ளும். இப்படி ஒரே நொடியில் ஏறத்தாழ 1,300 மெகாவாட் போயிற்று.

அந்த வாரம் முழுவதும் கடுங்குளிரில் டெக்சாஸ் மின்சாரமின்றித் தவித்தது. அதற்கு இந்தக் குழாய் ஒரு மாதிரிதான். எரிவாயு நிலையங்களிலும் நிலக்கரி நிலையங்களிலும் இதே போன்ற குழாய்கள் இதே காரணத்தால் உறைந்தன. காற்றாலைகளின் இறக்கைகளில் பனி படிந்தது. ஆனால் மறுநாளே தொலைக்காட்சியில் தொடங்கிய சண்டை குழாயைப் பற்றியது அல்ல. மாநில ஆளுநர் கிரெக் அபாட் காற்றாலையையும் சூரிய மின்சாரத்தையும் குறை சொன்னார். எதிர்த்தரப்பு எரிவாயுவைக் குறை சொன்னது. எந்த எரிபொருள் குற்றவாளி என்று தேடும் இந்தப் பழக்கம்தான் உண்மையான கோளாறைக் கண்ணில் படாமல் மறைக்கிறது. இன்று உங்களோடு பேச விரும்புவது அதைப் பற்றித்தான்.

முதலில் அந்த இரவில் நடந்ததைச் சொல்கிறேன். டெக்சாஸின் மின்தேவையில் 90 சதவீதத்தை எர்காட் என்ற அமைப்பு நடத்துகிறது. சுமார் 2 கோடியே 60 லட்சம் பேருக்கு அதுதான் ஆதாரம். அந்தக் குளிர்காலத்தில் நிலைமை எவ்வளவு மோசமாகப் போனாலும் தேவை 67,208 மெகாவாட்டைத் தாண்டாது என்பது அவர்கள் கணக்கு. 14ஆம் தேதி மாலையே அது 69,222 மெகாவாட்டைத் தொட்டது. மின்வெட்டு செய்யாமல் இருந்திருந்தால் 76,819 வரை போயிருக்கும் என்று பின்னால் கணக்கிட்டார்கள். டல்லாஸ் பக்கம் வெப்பநிலை மைனஸ் 19 டிகிரி செல்சியஸுக்கு இறங்கியது. 1949க்குப் பிறகு அங்கே அப்படி ஒரு குளிர் இல்லை.

தேவை ஏன் இப்படி எகிறியது? டெக்சாஸ் வீடுகளில் பாதிக்கு மேல் மின்சாரத்தால்தான் சூடேற்றப்படுகின்றன. வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை வீட்டுக்குள் இழுக்கும் ஹீட் பம்ப் என்ற கருவி மிதமான குளிரில் நன்றாக வேலை செய்யும். குளிர் ஓர் அளவுக்குக் கீழே போனதும், அதற்குள் இருக்கும் பழைய பாணி சூடேற்றுச் சுருள் தானாகச் சேர்ந்து எரிய ஆரம்பிக்கும். அது இரண்டு மூன்று மடங்கு மின்சாரம் இழுக்கும். ஆகவே குளிர் ஒவ்வொரு டிகிரி கூடும்போதும் தேவை சீராக ஏறுவதில்லை, ஓரிடத்தில் திடீரென்று செங்குத்தாக ஏறுகிறது. சுவரிலும் கூரையிலும் சரியான இன்சுலேஷன் இல்லாத வீடுகள் அந்த ஏற்றத்தை இன்னும் கூர்மையாக்கின.

நள்ளிரவுக்குப் பிறகு நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. மின்கட்டமைப்பில் இருக்கும் எல்லா ஜெனரேட்டர்களும் ஒரே தாளத்தில் சுற்ற வேண்டும். அமெரிக்காவில் அந்தத் தாளம் நொடிக்கு 60 துடிப்பு, அதாவது 60 ஹெர்ட்ஸ். உற்பத்தி குறைந்து தேவை மிஞ்சினால், பாரம் கூடிய வண்டிபோல எல்லா ஜெனரேட்டர்களும் சேர்ந்து வேகம் குறையும். 59.4க்குக் கீழே 9 நிமிடம் தொடர்ந்து இருந்தால், டர்பைன் இறக்கைகள் அதிர்ந்து உடையாமலிருக்க, நிலையங்கள் தாமாகவே கழன்றுகொள்ளும்படி ரிலே என்ற தானியங்கி சுவிட்சுகளை வைத்திருக்கிறார்கள். 1:20க்கு முதல் மின்வெட்டு உத்தரவு போயிற்று. 1:51க்குத் தாளம் 59.4க்குக் கீழே இறங்கி, 4 நிமிடம் 23 நொடி அங்கேயே நின்றது. மிகக் குறைந்த அளவு 59.302. இன்னும் நாலரை நிமிடம் அப்படியே போயிருந்தால் மாநிலக் கட்டமைப்பு மொத்தமும் சாய்ந்திருக்கும். சாய்ந்ததை வெறும் கையிலிருந்து மறுபடி எழுப்ப வாரக்கணக்கில் ஆகியிருக்கும். கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள் அந்த ஒரு மணி நேரத்துக்குள் 10,000 மெகாவாட்டுக்கு மேல் வெட்டித்தான் அதைத் தடுத்தார்கள். வெட்டு கடைசியில் 20,000 மெகாவாட்டைத் தொட்டது.

இங்கே பலர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. சுழற்சி முறை மின்வெட்டு என்று அறிவித்துவிட்டு, சில தெருக்களை மட்டும் மூன்று நான்கு நாள் ஏன் இருட்டிலேயே விட்டார்கள்? ஆளில்லாத அலுவலகக் கட்டடங்களில் விளக்கு எரிந்தது ஏன்? காரணம் இதுதான். மின்சாரத்தை வீடு வீடாக வெட்ட முடியாது. துணை மின்நிலையத்திலிருந்து கிளம்பும் ஃபீடர் என்கிற தடத்தைத்தான் வெட்ட முடியும். மருத்துவமனையோ தண்ணீர் பம்பு நிலையமோ உள்ள ஃபீடரைத் தொடக்கூடாது. தாளம் 59.3க்கு வந்ததும் தொடங்கி, அது இறங்க இறங்கப் படிப்படியாகத் தானாக வெட்டுவதற்கென்று ஒதுக்கிய ஃபீடர்கள் மொத்தத்தில் கால் பங்கு. அவற்றையும் தொடக்கூடாது, ஏனென்றால் அவைதான் கடைசி அரண். இந்த இரண்டையும் கழித்தால் மிஞ்சுகிற ஃபீடர்கள் கொஞ்சம். வெட்டவேண்டிய அளவோ மிகப் பெரியது. மிஞ்சிய எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் அணைத்தால்தான் கணக்கு சரியாகும் என்கிறபோது, சுழற்றுவதற்கு மாற்று ஃபீடர் எங்கே இருக்கிறது? 45 லட்சம் பேருக்கு மேல் மின்சாரம் இழந்தார்கள். மாநில அரசு உறுதிசெய்த சாவு மட்டும் 246. பெரும்பாலானவர்கள் குளிரில் இறந்தார்கள். சிலர் காரை மூடிய கொட்டகையில் ஓடவிட்டு, கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயுவில் இறந்தார்கள். இந்த எண்ணிக்கையைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் தாழ்ந்துவிடும், மன்னியுங்கள்.

இனி எரிவாயுவுக்கு வருவோம். கிணற்றிலிருந்து வாயு வரும்போது தண்ணீரும் சேர்ந்து வரும். உறைகுளிரில் அந்தத் தண்ணீர் கிணற்று வாயிலேயே கட்டியாகும். உறைநிலைக்குச் சற்று மேலேகூட, அழுத்தம் அதிகமாக இருந்தால், வாயுவும் நீரும் சேர்ந்து பனி போன்ற ஒரு திடப்பொருளாக மாறிக் குழாயை அடைக்கும். மெத்தனாலைச் சொட்டுச் சொட்டாகச் செலுத்தினால் இதைத் தடுக்கலாம். வடக்கு மாநிலங்களில் இது அன்றாட வேலை. டெக்சாஸில் பல கிணறுகளில் அந்த ஏற்பாடே இல்லை. மாநிலத்தின் எரிவாயு உற்பத்தி ஒரே வாரத்தில் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தது.

அதைவிடக் கொடுமை, வாயுவை அழுத்தித் தள்ளும் கம்ப்ரசர்களில் பல மின்சாரத்தில் ஓடுகின்றன. அவை அத்தியாவசிய இணைப்பு என்று மின்வாரியப் பட்டியலில் இல்லை. பதிவு செய்யச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அதனால் மின்வெட்டு வந்தபோது அவற்றுக்கும் மின்சாரம் போனது, மின்நிலையத்துக்கு வாயு நின்றது, மின்சாரம் இன்னும் குறைந்தது, இன்னும் ஃபீடர்களை வெட்டினார்கள். ஒரே ஒரு படிவத்தை நிரப்பியிருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய பகுதி இது.

அமெரிக்காவின் மத்திய எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் 2021 நவம்பரில் வெளியிட்ட ஆய்வு, டெக்சாஸையும் சுற்றியுள்ள மாநிலங்களையும் சேர்த்து 1,045 உற்பத்தி அலகுகள் பாதிக்கப்பட்டதாகச் சொல்கிறது. அவற்றில் 604 எரிவாயு அலகுகள். காற்றாலைகள் கால் பங்குக்குச் சற்று மேல். பழுதுகளில் 44 சதவீதத்துக்குக் காரணம் நேரடியாக உறைதல், 31 சதவீதத்துக்கு எரிபொருள் கிடைக்காமை. ஆனால் அந்த ஆய்வில் நான் மிக முக்கியமாகக் கருதும் எண் வேறு. உறைந்து நின்ற பழுதுகளில் 81 சதவீதம், நிலையமே தாங்கும் என்று எழுதிக்கொடுத்த வெப்பநிலைக்கு மேலே இருக்கும்போதே நடந்தவை. அதாவது காகிதத்தில் மைனஸ் 15 தாங்கும் என்றால், மைனஸ் 8இலேயே நின்றுவிட்டது.

ஏன் அப்படி? வெப்பமான ஊர்களில் மின்நிலையத்தைச் சுவர் எழுப்பி மூடமாட்டார்கள். கோடையில் சூடு வெளியேற வேண்டும் என்று பாய்லரையும் டர்பைனையும் திறந்தவெளியில் வைப்பார்கள். அங்கே காற்று அடிக்கும். தாங்கும் வெப்பநிலையைக் கணக்கிட்டவர் காற்றைக் கணக்கில் சேர்க்கவில்லை என்றால், அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. குழாயைச் சுற்றிய இன்சுலேஷனைப் பழுதுபார்க்கக் கழற்றியவர் திரும்பப் போடாமல் விட்டிருப்பார். மழையில் நனைந்து ஊறிய இன்சுலேஷனால் பயனே இல்லை, பார்வைக்கு மட்டும் அது சரியாக இருக்கும். குழாயோடு ஒட்டி ஓடும் சூடேற்று வயர் எங்கோ அறுந்திருக்கும். இவை எல்லாம் கோடை முழுவதும் யார் கண்ணிலும் படாத குறைகள்.

இதற்கெல்லாம் மருந்து புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. 1989 டிசம்பரிலும் 2011 பிப்ரவரியிலும் இதே மாநிலத்தில் இதே காரணங்களால் நிலையங்கள் நின்றன. 2011இல் மத்திய ஆணையம் நீண்ட அறிக்கை எழுதி, என்னென்ன செய்யவேண்டும் என்று பட்டியலே கொடுத்தது. ஆனால் அது பரிந்துரை, சட்டம் அல்ல. கட்டாயம் இல்லாத இடத்தில் செலவு செய்ய நிறுவனங்களுக்கு என்ன காரணம் இருந்தது? டெக்சாஸ் சந்தையில் ஒரு நிலையம் தயாராக நிற்பதற்குக் காசு கிடையாது, விற்ற மின்சாரத்துக்கு மட்டுமே காசு. தட்டுப்பாடு வந்தால் மெகாவாட்-மணிக்கு 9,000 டாலர் வரை விலை ஏறலாம், அந்த ஆசையில் எல்லோரும் தயாராக இருப்பார்கள் என்பது அன்றைய கொள்கை. பத்தாண்டுக்கு ஒருமுறை வரும் நான்கு நாளை நம்பி, ஆண்டுதோறும் குளிர்காப்புக்குச் செலவு செய்ய எந்த முதலீட்டாளரும் முன்வரவில்லை. விலை 9,000ஐத் தொட்டது உண்மை. உறைந்த குழாய் அதனால் உருகவில்லை.

இன்னொன்று, எல்லைத் தாண்டாத கட்டமைப்பு. 1935இன் மத்திய மின்சாரச் சட்டத்தின் கீழ் வராமல் இருக்க, டெக்சாஸ் தன் கம்பிகளை அண்டை மாநிலங்களோடு பெரிய அளவில் இணைக்கவில்லை. வெளியிலிருந்து கொண்டுவரக்கூடியது ஏறத்தாழ 1,200 மெகாவாட்தான். அதே மாநிலத்தின் மேற்குக் கோடியில் உள்ள எல் பாசோ வேறு கட்டமைப்பைச் சேர்ந்தது. 2011இல் அடிபட்ட பிறகு, மைனஸ் 23 டிகிரி வரை தாங்கும்படி புதிய நிலையம் கட்டினார்கள், 2021ஐச் சின்னத் தடங்கலோடு கடந்தார்கள். நேர்மையாகச் சொல்லவேண்டும், அங்கே குளிரும் சற்றுக் குறைவு. அண்டை மாநிலங்களிலும் வெட்டு நடந்தது, ஆனால் மிகச் சிறிய அளவில், சில மணி நேரம். கிழக்கிலிருந்து கம்பி வழியே மின்சாரம் வந்து சேர்ந்ததே அதற்குக் காரணம்.

உலகம் சூடாகிறது என்கிறீர்களே, குளிர் ஏன் என்று கேட்பவர்கள் உண்டு. சராசரி ஏறுவதால் கடுங்குளிர் ஒழிந்துவிடாது. ஆர்க்டிக் வெப்பமாவது வடதுருவக் குளிர்க்காற்றைத் தெற்கே தள்ளுகிறதா என்பதில் விஞ்ஞானிகளிடையே விவாதம் நடக்கிறது. அது முடியும்வரை பொறியாளர் காத்திருக்கத் தேவையில்லை. ஏற்கெனவே மூன்று முறை வந்த குளிருக்குத் தயாராவதற்கு எந்த விவாதமும் தடையில்லை. வெப்பப் பக்கமும் இதே கதைதான். 2023 ஆகஸ்டில் தேவை 85,000 மெகாவாட்டைத் தாண்டியது. செப்டம்பர் 6 மாலை, சூரியன் இறங்கும் நேரத்தில், கட்டமைப்பு மறுபடி அவசரநிலைக்குப் போனது.

மாநிலச் சட்டமன்றம் நிறைவேற்றிய செனட் மசோதா 3, 2021 ஜூனில் ஆளுநர் கையெழுத்திட்டுச் சட்டமானது. குளிர்காப்பு கட்டாயம், மீறினால் நாளொன்றுக்கு 10 லட்சம் டாலர் வரை அபராதம். மின்சாரத்தைக் கண்காணிப்பது ஒரு ஆணையம். எரிவாயுவைக் கண்காணிப்பது வேறொரு ஆணையம், அதன் பெயர் இன்னமும் ரயில்ரோடு கமிஷன். மின்சாரப் பக்கம் அதே ஆண்டு அக்டோபரில் விதி வந்துவிட்டது. எரிவாயுப் பக்கம் முதலில் வந்த வரைவில், 150 டாலர் கட்டணம் கட்டி விலக்குக் கேட்கலாம் என்று இருந்தது. சட்டமன்ற உறுப்பினர்களே கொதித்தெழுந்த பிறகுதான் அது இறுக்கப்பட்டது. எரிவாயுக் கிணறுகளுக்கான குளிர்காப்பு விதி 2022 ஆகஸ்டில்தான் வந்தது. சங்கிலியின் முதல் கண்ணி கடைசியாகக் காக்கப்பட்டது. என் பார்வையில் இந்தக் கதையிலேயே பெரிய பிழை இதுதான்.

பலன் இருந்ததா? 2022 டிசம்பர் குளிரில் டெக்சாஸில் மின்வெட்டு உத்தரவு வரவில்லை. அதே வாரம் டென்னசி மாநிலத்தில், டி.வி.ஏ. என்ற மத்திய அரசு மின் நிறுவனம் தன் 90 ஆண்டு வரலாற்றில் முதல்முறையாக மின்வெட்டு செய்தது. அங்கே கம்பர்லாண்ட் நிலக்கரி நிலையத்தில் அளவுகருவிகள் உறைந்திருந்தன.

இப்போது டெக்சாஸில் குளிர்காலத்துக்கு முன் நிலையத்தை நடத்தும் நிறுவனத்தின் மிக உயர்ந்த அதிகாரியே, எல்லாம் தயார் என்று நோட்டரி முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். பிறகு ஆய்வாளர் வருவார். அவர் பார்க்கவேண்டியதில் ஒன்றை மட்டும் சொல்லி விடைபெறுகிறேன். சூடேற்று வயரின் பலகையில் ஒரு சிவப்பு விளக்கு எரியும். அது எரிந்தால் பலகைக்கு மின்சாரம் வருகிறது என்று மட்டுமே பொருள். வயர் நடுவில் அறுந்திருந்தாலும் விளக்கு எரியும். ஆகவே ஒவ்வொரு வயரிலும் கிளாம்ப் மீட்டரைப் பிடித்து, எத்தனை ஆம்பியர் ஓடுகிறது என்று அளந்து, போன ஆண்டுக் குறிப்பேட்டோடு ஒப்பிட வேண்டும். இது அக்டோபரில் செய்கிற வேலை. பிப்ரவரி இரவில், பனியில் ஏணி வைத்து ஏறிச் செய்கிற வேலை அல்ல.

வணக்கம்.