எந்தச் சபை என் சபை?

[திரையில்: மலைமேல் ஒரு கோட்டை. உள்ளே மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நீளமான ஒரு மேசை.]

1529, அக்டோபர். ஜெர்மனியில் மார்பர்க் கோட்டை. மேசையின் ஒரு பக்கம் மார்ட்டின் லூத்தர். எதிர்ப்பக்கம் சுவிட்சர்லாந்திலிருந்து வந்திருக்கும் உல்ரிச் சுவிங்லி. இரண்டு பேருமே ரோமின் கத்தோலிக்கத் திருச்சபையிலிருந்து பிரிந்தவர்கள். இவர்கள் சேர்ந்து நின்றால் நல்லது என்று நினைத்து வரவழைத்தவர் அந்தப் பகுதியை ஆண்ட பிலிப். லூத்தர் ஒரு சாக்குக்கட்டியை எடுத்து மேசைமேல் லத்தீனில் எழுதுகிறார்: "இது என் சரீரம்."

கடைசியில் 15 அம்சங்களை எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். 14 அம்சங்களில் முழு உடன்பாடு. பதினைந்தாவது திருவிருந்தைப் பற்றியது. அதிலும் ஒரே ஒரு புள்ளியில்தான் ஒத்துப்போகவில்லை: கிறிஸ்துவின் சரீரமும் இரத்தமும் அப்பத்திலும் ரசத்திலும் உண்மையாகவே இருக்கின்றனவா? அந்த ஒரு புள்ளிக்காகப் பிரிந்தே போனார்கள். சுவிங்லியைச் சகோதரன் என்று ஏற்க லூத்தர் சம்மதிக்கவில்லை.

இதை முதன்முதலில் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. இவ்வளவு சின்ன விஷயத்துக்கா? நான் பிறந்து வளர்ந்த சபையை விட்டு வெளியே வந்து, எங்கே போவது என்று தெரியாமல் சில வருடம் அலைந்த பிறகு அந்தக் கோபம் போய்விட்டது. ஒரு மனிதன் தன் ஆண்டவரை எங்கே சந்திக்கிறான் என்ற கேள்வி அவனுக்குச் சின்னதாக இருக்க முடியாது. இன்று அதே இடத்தில் நின்றுகொண்டிருக்கும் உங்களுக்காகத்தான் இந்த வீடியோ.

[திரையில்: ஒரு கோடு. அது பிரிந்து பிரிந்து போகிறது. ஆண்டுகள் தோன்றுகின்றன.]

முதலில் பிரிவுகளின் கதையை வேகமாகப் பார்த்துவிடலாம். 451இல் கல்செதோன் நகரில் ஆயர்களின் பெரிய சங்கம் கூடியது. கிறிஸ்துவின் தெய்வத்தன்மையும் மனிதத்தன்மையும் ஒன்றுபட்டிருப்பதை எந்த வார்த்தையில் சொல்வது என்பதில் காப்டிக், ஆர்மேனிய, சிரிய, எத்தியோப்பிய சபைகள் ஒத்துப்போகாமல் தனிவழி போயின. 1054இல் மேற்கே கத்தோலிக்க ரோமும் கிழக்கே ஆர்த்தடாக்ஸ் கான்ஸ்டான்டிநோபிளும் ஒன்றையொன்று விலக்கின. 1517இல் லூத்தரின் சீர்திருத்தம் தொடங்கியது. 1534இல் இங்கிலாந்து அரசர் தன் நாட்டுச் சபைக்குத் தானே தலைவரானார். 1609இல் ஆம்ஸ்டர்டாமில் முதல் பாப்டிஸ்ட் சபை. அடுத்த நூற்றாண்டில் மெதடிஸ்ட் இயக்கம். 1906இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் ஆப்பிரிக்க அமெரிக்கப் பிரசங்கியார் வில்லியம் சீமோர் நடத்திய கூட்டங்களிலிருந்து பெந்தெகொஸ்தே அலை உலகமெங்கும் பரவியது.

இதில் ஒருவரைப் பற்றி மட்டும் நின்று சொல்ல வேண்டும். மெதடிஸ்ட் சபை ஜான் வெஸ்லியின் பெயரைச் சொல்லித்தான் வாழ்கிறது. ஆனால் அவர் 1791இல் ஆங்கிலிகன் குருவாகவே, அதாவது இங்கிலாந்து சபையின் குருவாகவே இறந்தார். பிரிந்து போக வேண்டும் என்ற ஆசை அவருக்குக் கடைசிவரை இல்லை. பிரிவுகளையெல்லாம் அகங்காரத்தின் கணக்கில் எழுதுகிறவர்கள் வெஸ்லியை நினைத்துக்கொள்வது நல்லது.

[திரையில்: அப்பம், கிண்ணம். அருகில் காட்சி.]

சரி, மேசைக்குத் திரும்புவோம். வித்தியாசங்களைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

ஒருவர் நற்கருணை என்பார், ஒருவர் திருவிருந்து என்பார், இன்னொருவர் இராப்போஜனம் என்பார். வார்த்தையைக் கேட்டாலே எந்தப் பின்னணி என்று பாதி தெரிந்துவிடும். கத்தோலிக்கத் திருச்சபையின் போதனைப்படி, குரு மன்றாடும்போது அப்பமும் ரசமும் தம் உள்ளியல்பிலேயே கிறிஸ்துவின் உடலாகவும் இரத்தமாகவும் மாறுகின்றன. நிறமும் சுவையும் மட்டும் பழையபடி இருக்கும். அதனால்தான் மீந்த அப்பத்தைப் பேழையில் வைத்து அதன் முன் முழங்காலிடுகிறார்கள். ஆர்த்தடாக்ஸ் சபையும் மாற்றம் உண்மை என்றே நம்புகிறது. எப்படி என்று விளக்கப் போகாமல், அதை மறைபொருளாகவே விட்டுவிடுவதுதான் அவர்கள் வழக்கம். லூத்தரின் வழியில், அப்பம் அப்பமாகவே இருக்கிறது, அதனுள்ளும் அதனோடும் கிறிஸ்து மெய்யாகவே இருக்கிறார். ஜெனீவாவின் சீர்திருத்தவாதி கால்வினின் வழியில் வந்த பிரெஸ்பிட்டேரியன் போன்ற சபைகள், பரிசுத்த ஆவியின் வல்லமையால் விசுவாசி கிறிஸ்துவை உண்மையில் பெறுகிறான், ஆனால் அவர் அப்பத்துக்குள் இல்லை என்கின்றன. சுவிங்லிக்கு அது நினைவுகூருதல். பாப்டிஸ்ட் சபைகளிலும் பெந்தெகொஸ்தே சபைகளிலும் பெரும்பாலும் இந்த எண்ணம்தான் இருக்கிறது. குவேக்கர்களும் இரட்சணிய சேனையும் இந்தச் சடங்கை நடத்துவதே இல்லை.

இதிலிருந்து எத்தனை காரியம் முளைக்கிறது பாருங்கள். அப்பத்தில் அவரே இருக்கிறார் என்றால் பீடம்தான் ஆலயத்தின் நடு. வாரம் தவறாமல், ஏன் தினமும்கூடப் பலிபூசை இருக்கும். அதை நிறைவேற்ற முறைப்படி அபிஷேகம் பெற்ற குரு வேண்டும், அவரை அபிஷேகம் செய்ய ஆயர் வேண்டும், அந்த ஆயருக்கு அப்போஸ்தலர் காலம்வரை போகும் தொடர்ச்சி வேண்டும். நினைவுகூருதல் என்றாலோ பிரசங்கபீடம் நடுவுக்கு வந்துவிடும். சுவிங்லியின் சூரிக் நகரில் வருடத்துக்கு நான்கு முறைதான் திருவிருந்து. கட்டடம், ஊழியம், ஞாயிற்றுக்கிழமையின் ஒழுங்கு என்று எல்லாமே இந்த ஒரு பதிலைத் தொடர்ந்து வருகின்றன. அதனால் புதிதாக ஒரு சபைக்குள் நுழைந்தால் முதலில் நடுவில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அறிவிப்புப் பலகையைவிட அது அதிகம் சொல்லும்.

[திரையில்: ஓடும் ஆறு. பனிக்காலம்.]

அடுத்தது தண்ணீர். கத்தோலிக்கரும் ஆர்த்தடாக்ஸ் சபையாரும், லுத்தரன், ஆங்கிலிகன், மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன் சபைகளும் குழந்தைக்குத் திருமுழுக்குக் கொடுக்கின்றன. கேட்கத் தெரியாத வயதிலேயே கடவுள் முந்திக்கொண்டு கிருபை தருகிறார் என்பது அவர்கள் மனதில் இருப்பது. பாப்டிஸ்ட், மெனோனைட், பெந்தெகொஸ்தே சபைகள், தானே விசுவாசித்து அறிக்கையிடுகிறவனுக்குத்தான் ஞானஸ்நானம் என்கின்றன.

இந்தக் கேள்விக்கு இரத்தசாட்சிகள் உண்டு. வளர்ந்தவர்களுக்கு மறுபடியும் ஞானஸ்நானம் கொடுத்தார் என்பதற்காக பீலிக்ஸ் மான்ஸ் என்பவரை 1527 ஜனவரியில் சூரிக் நகர சபை லிம்மட் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றது. கொன்றவர்களும் வேதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சீர்திருத்தம் செய்தவர்கள்தான். இதை எப்போது சொன்னாலும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

இன்று யாரும் யாரையும் மூழ்கடிப்பதில்லை. ஆனாலும் வலி இருக்கிறது. திரித்துவத்தின் பெயரால் தண்ணீரில் கொடுத்த ஞானஸ்நானத்தை, வேறு சபையில் நடந்திருந்தாலும் கத்தோலிக்கத் திருச்சபை பொதுவாக ஏற்கிறது. பாப்டிஸ்ட் சபைகள் பலவற்றிலோ, குழந்தையாகப் பெற்றதைக் கணக்கில் எடுக்காமல் முழுகி எடுக்கச் சொல்வார்கள். அப்படிச் செய்ய முடிவெடுத்தால், உங்களைக் கையில் ஏந்தி ஆலயத்துக்குப் போன அம்மாவிடம் முதலில் பேசுங்கள். தான் செய்தது வீண் என்று பிள்ளை சொல்வதாகத்தான் அவருக்குக் கேட்கும். உங்கள் முடிவை நீங்கள் மாற்ற வேண்டியதில்லை. ஆனால் அவர் அதை வேறு யார் வாயிலாகவும் கேட்கக் கூடாது.

[திரையில்: திறந்த வேதாகமம். பின்னால் ஒரு வெற்று நாற்காலி.]

மூன்றாவது கேள்வியைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள்: கடைசி வார்த்தை யாருடையது? வேதத்தோடு திருச்சபையின் மரபும் சேர்ந்து வழிநடத்துகிறது, அதற்கு விளக்கம் தரும் பொறுப்பு திருத்தந்தைக்கும் ஆயர்களுக்கும் உண்டு என்கிறது கத்தோலிக்கம். ஆர்த்தடாக்ஸ் சபைகளில் எல்லாருக்கும் மேலான ஒரே தலைவர் கிடையாது. சங்கங்களும் மரபும் ஆயர்களும்தான் வழி. புராட்டஸ்டண்ட் சபைகளுக்கு வேதமே கடைசி அதிகாரம். வேதத்தின் பட்டியலே ஒன்றல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன்: கத்தோலிக்கருக்கு 73 நூல்கள், புராட்டஸ்டண்டுகளுக்கு 66.

வேதம்தான் அதிகாரம் என்றாலும் அதை வாசித்து முடிவு சொல்ல ஆள் வேண்டுமே? பிரெஸ்பிட்டேரியன் சபையில் மூப்பர்கள் கூடி முடிவெடுப்பார்கள். பாப்டிஸ்ட் சபையில் அங்கத்தினர்களே வாக்களிப்பார்கள். ஆங்கிலிகன் சபையில் பிஷப்பும் பேரவையும். சுயாதீன சபைகள் சிலவற்றில் எல்லாமே ஒரே போதகர் கையில். அதனால் நீங்கள் சேர நினைக்கும் இடத்தில் தயங்காமல் கேளுங்கள்: போதகர் தப்பு செய்தால் யார் கேட்பார்கள்? காணிக்கைக் கணக்கை யார் பார்க்கிறார்கள்? நான் போன ஓர் இடத்தில் இதைக் கேட்டதற்கு, அபிஷேகம் பெற்றவரை விசாரிப்பது பாவம் என்று பதில் வந்தது. பாட்டும் ஜெபமும் அங்கே அருமையாக இருந்தன. ஆனாலும் நான் திரும்பிப் போகவில்லை. நீங்களும் போக வேண்டாம்.

[திரையில்: பல ஆலயங்களின் உட்புறம், ஒன்றன்பின் ஒன்றாக.]

ஆராதனை முறை பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சிலருக்கு நூற்றாண்டுகளாக மாறாத ஜெபங்கள், தூபம், மௌனம். சிலருக்கு கைதட்டல், அந்நிய பாஷை, அந்த நேரத்தில் மனதிலிருந்து எழும் ஜெபம். மனம் எதில் ஒட்டுகிறது என்பது முக்கியம்தான், ஆனால் அதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். பழக்கமில்லாத வழிபாடு முதல் மாதம் யாருக்கும் அந்நியமாகத்தான் இருக்கும். அப்புறம், பெயர்ப்பலகையை மட்டும் நம்பவும் கூடாது. பெண்கள் போதகராகலாமா, படைப்பின் கதையை எப்படி வாசிப்பது போன்ற விஷயங்களில் ஒரே பெயர் கொண்ட இரண்டு சபைகள் நேர் எதிராக நிற்பதுண்டு.

இத்தனைக்கும் நடுவே சேர்ந்து வந்த கதையும் இருக்கிறது. 1054இன் விலக்குகளை 1965இல் திருத்தந்தை ஆறாம் பவுலும் கான்ஸ்டான்டிநோபிளின் முதுபெரும் தந்தை அத்தெனாகோராசும் நீக்கினார்கள். லூத்தரின் காலத்தில் ஐரோப்பாவையே பிளந்தது, மனிதன் எப்படி நீதிமானாகிறான் என்ற கேள்வி. அதன் அடிப்படையில் தங்களுக்குள் உடன்பாடு இருப்பதாக 1999இல் கத்தோலிக்கத் திருச்சபையும் லுத்தரன் உலகக் கூட்டமைப்பும் கையெழுத்திட்டன. 2006இல் மெதடிஸ்டுகளும் சேர்ந்துகொண்டார்கள். ஆனால் மேசை இன்னும் ஒன்றாகவில்லை.

[திரையில்: மீண்டும் மார்பர்க் மேசை.]

சரி, உங்கள் இடம் எது? நான் அலைந்த வருடங்களில் கற்றதைச் சொல்கிறேன். எல்லாவற்றிலும் ஒத்துப்போகும் சபையைத் தேடினால் வாழ்நாள் போதாது. மேசை, தண்ணீர், அதிகாரம் இந்த மூன்றில் எதை மறுத்தால் உங்கள் மனசாட்சி தூங்கவிடாது? அதை மட்டும் முதலில் கண்டுபிடியுங்கள். மற்றவற்றில் நீங்கள் வேறுபட்டாலும் ஒரு சபையில் மகனாகவோ மகளாகவோ இருக்க முடியும்.

அப்புறம் மூன்று மாதமாவது ஒரே இடத்துக்குத் தொடர்ந்து போங்கள். பண்டிகை நாளில் போய்ப் பார்த்தால் எந்தச் சபையும் அழகுதான். துக்க வீட்டில் அவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று பாருங்கள். நாற்காலி அடுக்கவும் பெருக்கவும் கூட நில்லுங்கள். மற்ற சபைகளைப் பற்றிப் பிரசங்கத்தில் எப்படிப் பேசுகிறார்கள் என்று கவனியுங்கள்.

மார்பர்க்கில் அந்தப் பதினைந்தாவது அம்சத்தின் முடிவில் இன்னொரு வரியும் இருக்கிறது. இதில் நாம் ஒத்துப்போகாவிட்டாலும், அவரவர் மனசாட்சி இடம்கொடுக்கும் அளவுக்கு ஒருவருக்கொருவர் கிறிஸ்தவ அன்பைக் காட்ட வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். சகோதரன் என்று சொல்ல மறுத்த லூத்தரும் அதன் கீழ் கையெழுத்துப் போட்டார். சபை தேடும்போது நான் சுமந்துபோனது அந்த வரியைத்தான்.

[திரையில்: ஆலயத்தில் நகரும் வரிசை. ஓரத்தில் தயங்கி நிற்கும் ஒருவர்.]

இந்த ஞாயிறு புதிதாக ஒரு சபைக்குப் போகிறீர்கள், திருவிருந்து நேரம் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மெதடிஸ்ட் சபைகள் பலவற்றில் எல்லாரையும் அழைப்பார்கள். கத்தோலிக்க, ஆர்த்தடாக்ஸ் ஆலயங்களில் பொதுவாக அந்தச் சபையைச் சேர்ந்தவர்களுக்கு மட்டும்தான். அதை அவமானமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உட்கார்ந்தே இருக்கலாம். கத்தோலிக்க, ஆங்கிலிகன் ஆலயங்கள் பலவற்றில், கைகளை மார்பின் குறுக்கே மடித்து முன்னால் போனால் குரு ஆசீர்வதித்து அனுப்புவார். ஆர்த்தடாக்ஸ் ஆலயங்கள் பலவற்றில் ஆராதனை முடிந்ததும் ஆசீர்வதித்த ரொட்டியைத் துண்டு துண்டாகக் கொடுப்பார்கள். அது திருவிருந்து அல்ல, அதனால் பல இடங்களில் விருந்தாளிக்கும் உண்டு. பக்கத்தில் நிற்கும் யாராவது தன் துண்டில் பாதியை உங்களிடம் நீட்டினால், வாங்கிக்கொள்ளுங்கள்.